காத்தாடி வைத்துக் குளிர் காயலாமா? ஏற்காட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் கீசர், சோலார் வாட்டர் ஹீட்டர், மோட்டார் ரீவைண்டிங் என்று என் பிழைப்பு ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாளாவது ஏற்காட்டுக்கு வண்டி ஏறும். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். மேலே ஹோம்ஸ்டே பெருகிய பிறகு, மார்கழி பிறந்தாலே ஏதாவது ஒரு வாசலில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: “காத்து சும்மாதானே அடிக்குது, அதுல சூடு பண்ண முடியாதா?” ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னதில் என் டீ ஆறிப் போனதுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன். (காத்தாடி என்று நான் சொல்வது, சின்னதோ பெரிதோ, காற்றாலையைத்தான்.)

1. காத்து பட்டாலே குளிருதே தம்பி, அதுல இருந்து எப்படிச் சூடு வரும்?

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பாட்டி கேட்டது. நியாயமான கேள்வி. காற்று நம் உடம்பை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பைத் துடைத்துக்கொண்டு போவதால் நமக்குக் குளிர்கிறது. ஆனால் நகரும் எதற்குள்ளும் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்தினால் அது சூடாக மாறும். இறக்கத்தில் பிரேக் மேலேயே காலை வைத்து வந்த வண்டியின் சக்கரத்தை அடிவாரத்தில் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். (தொட வேண்டாம், பக்கத்தில் கை நீட்டினால் போதும்.)

இதை 1840களில் அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். ஒரு பாத்திரத் தண்ணீரைத் துடுப்பால் கலக்கிக் கலக்கியே சூடாக்கினார். நம் கிளியூர் அருவி 300 அடி என்கிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர், விழுந்த அடியினாலேயே சூடாவது சுமார் 0.2 டிகிரி. சூடு உண்டு, ஆனால் குளிக்கிறவருக்குத் தெரியாத அளவு. இந்த விஷயம் முழுக்க இப்படித்தான். சூடு வருமா என்று கேட்டால் எப்போதும் வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எவ்வளவு, எந்த மாதம் என்று கேட்டால்தான் பேச்சு வேலைக்கு ஆகும்.

2. கரண்ட் எடுத்து ஹீட்டர்ல விடணுமா, நேராவே சூடு பண்ணிக்கலாமா?

இரண்டும் செய்திருக்கிறார்கள். நேராகச் சூடாக்குவது என்றால் காத்தாடியின் தண்டைக் கீழே இறக்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு துடுப்பைச் சுற்ற விடுவது, ஜூல் செய்ததேதான். டென்மார்க்கில் 1990களில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட காத்தாடிகளைச் செய்து விற்றார்கள். 5 மீட்டர் விட்டமுள்ள இறக்கை, நொடிக்கு 11 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம் கொடுத்தது.

தொழில்காரனாக எனக்கு இதில் பிடித்த ஒரு சங்கதி உண்டு. தண்ணீரைக் கலக்கத் தேவைப்படும் சக்தி, சுற்றும் வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். காற்றிலிருந்து கிடைக்கும் சக்தியும் அதே மும்மடிக் கணக்கில்தான் ஏறும். இரண்டும் ஜோடிப் பொருத்தம். நடுவில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் வேண்டாம். கரண்ட் வழியாகப் போனாலும் சூட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஹீட்டர் ராடுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்ற கட்டாயம் கிடையாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் டிவி புகையும், ராடு புகையாது. அதனால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இல்லாமலே ஓட்டலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: காற்று மெலிந்திருக்கும்போது பெரிய ராடைச் சேர்த்தால் காத்தாடி இழுக்க முடியாமல் நின்றுவிடும். சுமையைப் படிப்படியாகச் சேர்க்க ஒரு கன்ட்ரோலர் வேண்டும்.

3. குளிர் நாட்டுல நெசமாவே இப்படிச் செய்றாங்களா, யூடியூப் கதையா?

நிஜம்தான், ஆனால் யூடியூபில் காட்டுவது போல ஆளுக்கொரு காத்தாடி வைத்து அல்ல. டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெந்நீர் ஊர்ப் பொதுக் குழாயில் வந்து அறைகளைச் சூடாக்குகிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் மின்சார விலை இறங்கும். சில மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அப்போது ஊர்க் கொதிகலனில் ராட்சத ராடுகளைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் தீவு என்று ஒரு சின்னத் தீவு. நம் ஊர்க் கல்யாணப் பந்தி ஒன்றில் உட்கார்ந்தால் தீவே அடங்கிவிடும். அங்கே 1982இல் 60 கிலோவாட் காத்தாடி ஒன்று வைத்தார்கள். விளக்குக்கு ஒரு விலை, காற்று அதிகமாக இருக்கும்போது அறைச் சூட்டுக்கு எடுக்கும் கரண்டுக்கு அதைவிடக் குறைந்த விலை. அலாஸ்காவின் கோங்கிகனாக் கிராமம் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்த ஊர். இப்போது மிஞ்சும் காற்று மின்சாரம் வீடுகளுக்குள் இருக்கும் செங்கல் அடுப்புகளுக்குப் போகிறது. செங்கல் சூட்டை வாங்கி மெதுவாக விடுகிறது. அண்டார்டிகாவில் ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையத்தில் 2003இல் தலா 300 கிலோவாட்டில் இரண்டு காத்தாடிகள் நிறுத்தினார்கள். விளக்குக்குப் போக மீதி, கட்டடங்களைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் போனது.

4. அங்க ஓடுறது இங்க ஏன் ஓடாது? ஏற்காடும் குளிர்தானே?

இந்த ஒரு பதிலுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். வட ஐரோப்பாவில் குளிர்காலம்தான் காற்றுக்காலம். கடலிலிருந்து புயல் மேல் புயலாக வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரும் காற்றும் ஒரே வண்டியில் வந்து இறங்குகின்றன. காற்று அடிக்க அடிக்க வீடு சீக்கிரம் ஆறும். ஆறுகிற அதே நேரத்தில் காத்தாடியும் வேகமாகச் சுற்றும். நோயும் மருந்தும் சேர்ந்தே வருகிற ஊர் அது.

நமக்கு “ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்”; ஆனால் குளிருக்கு “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்”. இரண்டு பழமொழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஐந்தாறு மாதம் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் ஓய்ந்துவிடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காத்தாடி வேகமாகச் சுற்றுவதும் அந்த மாதங்களில்தான். ஏற்காட்டில் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்குவது டிசம்பர், ஜனவரியில்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம் மலையில் மிகவும் குளிர்கிற ராத்திரி, காற்றே அசையாத ராத்திரியாகத்தான் இருக்கும். வானம் தெளிந்து, இலை ஆடாமல் இருந்தால் பூமியின் சூடு நேரே மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். காற்று அடித்தால் மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலந்து அவ்வளவு இறங்காது. ஊட்டியில் உறைபனி விழுகிற விடியற்காலையிலும் இதே கதைதான். அதாவது நீங்கள் ஹீட்டரைத் தேடுகிற அந்தச் சரியான நேரத்தில் உங்கள் காத்தாடி தூங்கிக்கொண்டிருக்கும்.

5. சின்னதா ரெண்டு மீட்டர் காத்தாடி, “ஒரு கிலோவாட்”னு விக்கிறான். எவ்ளோ வரும்?

அந்த ஒரு கிலோவாட், நொடிக்கு 12 மீட்டரோ அதற்கு மேலோ காற்று அடிக்கும்போது கிடைப்பது. அது மணிக்கு 43 கிலோமீட்டர். குடை மடங்குகிற காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும் என்பதை மனதில் வையுங்கள். நம் உயரம் 1,500 மீட்டர். கடற்கரையைவிடக் காற்று ஏழில் ஒரு பங்கு லேசு. அதையும் சேர்த்து, காற்றில் இருப்பதில் கால்பங்கு பிடிபடும் என்று வைத்தால் (சின்னக் காத்தாடிக்கு அதுவே மரியாதையான அளவு), 2 மீட்டர் விட்டத்துக்குக் கணக்கு இப்படி: நொடிக்கு 3 மீட்டர் காற்றில் 11 வாட். 6 மீட்டரில் 90 வாட். 12 மீட்டரில் 720 வாட்.

மார்கழியில் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். அந்த 3 மீட்டர் வந்தாலே பெரிது. 11 வாட் என்பது ஒரு எல்இடி பல்பு.

6. அப்ப ஒரு வாளி வெந்நியாவது வருமா?

20 லிட்டர் வாளியை 15 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 0.63 யூனிட் வேண்டும். மேலே சொன்ன 11 வாட்டில் அதற்கு இரண்டு நாளும் ஒன்பது மணி நேரமும் ஆகும். அதற்குள் தண்ணீர் தன்பாட்டில் ஆறியே தீரும், ஆகவே வராது. 90 வாட்டில் 7 மணி நேரம். 720 வாட்டில் 52 நிமிடம். உங்கள் குளியலறையில் தொங்கும் 1,500 வாட் ராடு இதையே 25 நிமிடத்தில் முடிக்கும்.

7. மொட்டை மாடியில வச்சா காத்து நல்லா வரும்ல?

வராது. வீட்டுச் சுவரில் மோதி மேலேறும் காற்று மாடியில் சுழித்துக்கொண்டு நிற்கும். காத்தாடிக்கு ஒரே திசையில் ஓடிவரும் காற்று வேண்டும். சுழிக்காற்று சக்தி தராது, பேரிங்கை மட்டும் தின்னும். அதிர்வு வேறு கான்கிரீட் வழியாக இறங்கி, படுத்திருக்கும் விருந்தாளியின் தலைமாட்டில் உறுமும்.

நம் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அறுபது எழுபது அடி. மிளகுக்கொடி ஏற அதுதான் தூண், காற்றைத் தடுக்கவும் அதுதான் சுவர். சுற்றியுள்ள உயரத்தைவிட 10 மீட்டராவது மேலே இறக்கை நிற்க வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் நூறடிக் கோபுரம், அதற்கு அஸ்திவாரம், இழுகம்பி, இடிதாங்கி. காத்தாடி விலையைக் கோபுரம் விழுங்கிவிடும்.

8. நீங்களே ஒண்ணு மாட்டினீங்களாமே, என்ன ஆச்சு?

இந்தக் கேள்வியை என் காதுபடக் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் கேட்டவர்கள்தான் அதிகம். ஆமாம், மாட்டினேன். ஒரு ஹோம்ஸ்டேகாரர் ஆசைப்பட்டார். ஒரு விற்பனையாளர் காட்டிய அட்டவணையை நானும் நம்பினேன். மொட்டை மாடியில் 6 மீட்டர் குழாயில் ஏற்றி, 100 லிட்டர் தொட்டியில் ராடு வைத்தோம். மாட்டியது ஆவணி, நன்றாகச் சுற்றியது, செல்பி எடுத்தார்கள். டிசம்பர் மாதம் முழுவதும் மீட்டர் காட்டியது 4 யூனிட். அந்தத் தொட்டியை ஒரே ஒரு முறை 40 டிகிரி ஏற்றவே 4.6 யூனிட் ஆகும்.

மறு வருஷம் ஆடியில் ஒரு இறக்கை விரிசல் விட்டது. விற்றவரின் போன் எடுபடவில்லை. இறக்கிச் செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டேன், ஜெனரேட்டரை மட்டும் கடையில் வைத்திருக்கிறேன். ஹோம்ஸ்டேகாரர் நல்ல மனிதர். இன்றும் கீசர் வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயைக் காட்டிச் சிரிக்கிறார். இப்போது அதில் கொடி கட்டுகிறார்கள்.

9. சேர்வராயன் கோயில் மேட்டுல வச்சா?

காற்று அங்கே உண்டு, மறுக்கவில்லை. மரமில்லாத வெட்டவெளி மேடு. ஆனால் நான்காம் பதிலில் சொன்ன மாதக் கணக்கு அங்கேயும் மாறாது. சாமி இடத்தில் உங்களுக்கு யார் கோபுரம் நட விடுவார்கள் என்பதும், அங்கிருந்து உங்கள் வீட்டுக்குக் கேபிள் யார் இழுப்பார்கள் என்பதும் வேறு தலைவலி.

10. ஆடிக்காத்துச் சூட்டைச் சேர்த்து வச்சு மார்கழிக்கு எடுத்துக்க முடியாதா?

நாகலூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேட்டாள். இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் முதல் தரம்.

டம்ளர் காப்பி பத்து நிமிடத்தில் ஆறிவிடும். கல்யாண அண்டாவில் இருக்கும் காப்பி பந்தி முடிகிற வரை சுடும். சூடு கொள்ளளவில் இருக்கிறது, மேற்பரப்பின் வழியே ஓடுகிறது. பாத்திரம் பெரிதாக ஆக, கொள்ளளவுக்கு மேற்பரப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே ஆறு மாதம் சூட்டை வைத்திருக்க வேண்டுமானால் பாத்திரம் ஏரி அளவு வேண்டும். டென்மார்க்கின் வோயன்ஸ் ஊரில் பழைய மணல் குவாரிப் பள்ளத்தில் 2 லட்சம் கன மீட்டர் வெந்நீரை மூடிபோட்டு வைத்திருக்கிறார்கள். கோடை வெயிலில் சேர்த்ததைக் குளிர்காலத்தில் ஊருக்கே கொடுக்கிறார்கள். ஃபின்லாந்தில் கன்கான்பா என்ற ஊரில் 2022இல் 100 டன் மணலை ஒரு இரும்புக் கோபுரத்தில் நிரப்பி, மின்சாரத்தால் 500 டிகிரி வரை சூடாக்கினார்கள். கொள்வது 8,000 யூனிட். வீட்டுக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்து இதைச் செய்ய நினைத்தால், சூடு மூன்றாம் நாளே விடைபெறும்.

ஆடிக்காற்றை மார்கழிக்கு வைக்க நம் ஊரில் வேறொரு வழி ஏற்கெனவே இருந்தது, யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கொங்கு நாட்டு நூற்பாலைகள் பல, தெற்கே காற்றாலை வாங்கி நிறுத்தியிருக்கின்றன. சீசனில் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்கு, கொடுத்த யூனிட்டைக் கணக்கில் வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ ஏற்பாடு பழைய காற்றாலைகளுக்கு இருந்தது. அவர்கள் காற்றைத் தொட்டியில் சேர்க்கவில்லை, பேரேட்டில் சேர்த்தார்கள். இதன் விதிகள் பலமுறை மாறியவை. வீட்டுக்காரருக்கு இது கிடைப்பதும் இல்லை.

11. நம்ம சேலத்து வெள்ளைக்கல்லுதான் சூட்டை நல்லாப் பிடிக்குமாம், அதை வச்சு?

உண்மை. ஏற்காடு ஏறும்போது கீழே வெள்ளை வெளேரென்று தெரியும் சுரங்க மேடுகள் மேக்னசைட். அதைக் கடும் சூட்டில் சுட்டுச் செங்கல் ஆக்கினால் இரும்பு உருக்கும் உலைக்கே உள்சுவராகத் தாங்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ராத்திரி மலிவுக் கரண்டில் சூடேறிப் பகலில் சூடு விடும் பெட்டி ஹீட்டர்களின் வயிற்றுக்குள் இந்த ஜாதிச் செங்கல் வைத்தார்கள். அலாஸ்கா அடுப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு டன் மேக்னசைட் செங்கல்லை 100 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு ஏற்றினால் ஏறத்தாழ 150 யூனிட் உட்காரும். ஒரு டன் தண்ணீரை 40 டிகிரி ஏற்றினால் 46 யூனிட்தான். செங்கல் இடமும் கொஞ்சம்தான் அடைக்கும். ஆனால் இது ராத்திரியிலிருந்து பகலுக்கு, இன்றிலிருந்து நாளை மறுநாளுக்கு. ஆடியிலிருந்து மார்கழிக்கு அல்ல. நம் மண்ணின் கல் டென்மார்க்கின் காலநிலையில்தான் பிரகாசிக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

12. அங்க பனியில காத்தாடி உறைஞ்சு போகாதா?

உறையும். இறக்கை விளிம்பில் பனி ஒட்டினால் அதன் வடிவமே கெட்டு உற்பத்தி சரியும்; பெயர்ந்து விழும் கட்டி கல்லெறி மாதிரி. அதனால் குளிர்ப் பிரதேச மாடல்களில் இறக்கைக்குள்ளேயே சூடாக்கும் ஏற்பாடு, குளிரில் இறுகாத கியர் ஆயில், குளிரில் நொறுங்காத எஃகு என்று தனித் தயாரிப்பு. ஒரு லாபமும் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மைனஸ் 20 டிகிரியில் அடிக்கும் காற்றுக்கு நம் 20 டிகிரிக் காற்றைவிடச் சக்தி ஆறில் ஒரு பங்கு அதிகம்.

13. ஏசியே சூடும் தரும்ங்கிறாங்களே, அது காத்தாடியை விடப் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று இழுக்க வேண்டாம், அதுதான் சரியான பதில். ராடோ ஆயில் ஹீட்டரோ ஒரு யூனிட் கரண்டை வாங்கினால் ஒரு யூனிட் சூடு தரும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது. சூடும் தரும் ஏசி என்பது ஒரு ஹீட் பம்ப்; அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இறைத்துப் போடுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீரை இறைக்கத்தானே மோட்டாருக்குக் கரண்ட், தண்ணீரை உண்டாக்க அல்ல, அதே மாதிரி. வெளியே 12 டிகிரி என்பது நமக்குக் குளிர், இந்த மிஷினுக்கு அது சுகமான வேலை. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு எதிர்பார்க்கலாம். மைனஸ் 20 டிகிரி ஊரில் அது ஒன்றரை, இரண்டுக்கு இறங்கிவிடும்.

கடையில் கேட்கும்போது ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்று சொல்லிக் கேளுங்கள். நம் பக்கம் விற்கும் ஏசி பெரும்பாலும் குளிர் மட்டும் தரும். வெந்நீருக்கும் ஹீட் பம்ப் கீசர் வருகிறது. பத்து அறை ஹோம்ஸ்டே என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

14. அப்ப காத்துக் கரண்டே நமக்கு வேண்டாமா?

வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் உங்கள் மாடியில் ஒரு பொம்மையைச் சுற்றுவதைவிட, ஆரல்வாய்மொழியில் நூறு மீட்டர் உயரத்தில் பெரிய இறக்கை சுற்றி அந்தக் கரண்ட் கம்பியில் வருவது பல மடங்கு மேல். டேனிஷ்காரரும் மாடியில் வைக்கவில்லை, வெட்டவெளியிலும் கடலிலும் வைத்தார். டிசம்பரில் அந்தக் கம்பியில் காற்றின் பங்கு குறைவாக இருக்கும் என்பது வேறு, அது நான்காம் பதிலின் தொடர்ச்சி. அந்தப் பற்றாக்குறை மாதத்தில் 13ஆம் பதிலின் மிஷின் மூன்றில் ஒரு பங்கு கரண்டில் வேலையை முடிக்கிறது என்பதுதான் அதன் பெருமை.

15. ஐரோப்பாவுலயும் காத்து நிக்கிற நாள் வருமே, அன்னிக்கு அவங்க விறைச்சுப் போவாங்களா?

இது என்னை மடக்குவதற்காகவே கேட்ட கேள்வி, கேட்டவர் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் வாத்தியார். அவர் சொல்வது சரி. அங்கேயும் கடும் குளிர் சில சமயம் காற்றில்லாமல்தான் வருகிறது; வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ஜெர்மானியர் அதற்கு டுங்கல்ஃப்ளௌட்டே என்று ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், இருட்டில் காற்று செத்த காலம் என்று பொருள். சில நாள் நீடிக்கும். அன்றைக்குத் தொட்டியில் இருக்கும் வெந்நீர் கொஞ்சம் தாங்கும், பிறகு மரத்தூள், குப்பை, எரிவாயு எரியும் கொதிகலன்கள் வேலைக்கு வரும், நார்வேயின் அணை மின்சாரம் கடலடிக் கேபிளில் வரும். காற்றை மட்டும் நம்பி எந்தக் குளிர் ஊரும் இல்லை. ஆனால் அவர்களுக்குச் சில நாள் தவறுகிறது, நமக்குக் குளிர்காலமே தவறுகிறது.

16. இரும்புச் சட்டியில கரி போட்டு ரூமுக்குள்ள வச்சா செலவே இல்லையே?

வைக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. தூக்கம் வருவது மாதிரியே ஆளை முடித்துவிடும். மலை ஊர் விடுதிகளில் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பழைய எஸ்டேட் பங்களாக்களில் இருக்கும் கணப்பு வேறு. அதற்குப் புகைபோக்கி உண்டு. அந்தப் புகைபோக்கியில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் மூட்டினால் அதுவும் இதேதான். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள், மாட்ட மாட்டேன்.

17. செலவில்லாம ரூமைச் சூடா வச்சுக்க என்னதான் வழி?

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். அதற்குள் இருக்கும் காற்றை 6 டிகிரி ஏற்ற 0.08 யூனிட்டுக்கும் குறைவாகவே போதும், தீப்பெட்டிக் காசு. பிறகு ஏன் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுகிறது? ஓட்டு இடுக்கு, ஜன்னல் சந்து, கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. மணிக்கு ஐந்து முறை அறைக்காற்று மாறுகிற வீடு என்றால், மாறும் காற்றைச் சூடாக்கவே மணிக்கு 0.4 யூனிட் போகிறது, சுவரும் கூரையும் குடிப்பது தனி. ஊதுபத்தியைக் கொளுத்திச் சந்து சந்தாகக் காட்டுங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சீலிங், கனத்த திரை, தரைக்கு ஜமுக்காளம். நான் விற்காத பொருள்கள் என்பதால் நம்பலாம். (விறகு, கேஸ் எரிகிற அறையில் மட்டும் சந்தை அடைக்கக் கூடாது. காரணம் முந்தின பதிலில்.)

18. காப்பிக் கொட்டை காய வைக்கவாவது காத்தாடி ஆகுமா?

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. மறுபடி அதே மாதம், அதே இடி. கணக்கு மட்டும் சொல்கிறேன். கழுவிய கொட்டையில் பாதிக்கு மேல் ஈரம். அதை 11, 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100 கிலோ ஈரக் கொட்டையிலிருந்து 45 கிலோ தண்ணீர் போக வேண்டும், ஆவியாக்க மட்டும் 28 யூனிட். மூடுபனி விலகினால் களத்தில் வெயில் இதை இலவசமாகச் செய்கிறது. வெயில் இல்லாத நாளுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கூடாரமும், காற்றை இழுக்கும் சின்ன ஃபேனும் போதும்.

19. ஆடியில மூட்டம் போட்டு நாலு நாள் வெயிலே வராது, சோலார் தண்ணி சில்லுனு கிடக்கும். அப்ப காத்து ஊளையிடுதே, அப்பவாவது?

இங்கேதான் நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி மூட்டத்தில் தெர்மாமீட்டர் 17, 18 காட்டினாலும் ஈரமும் காற்றும் சேர்ந்து நடுக்கும். சோலார் வாட்டர் ஹீட்டர் அப்போது படுத்துவிடும். மேற்குப் பார்த்த முகட்டில், மரமில்லாத இடத்தில், லைன் அடிக்கடி போகிற தோட்டம் என்றால், அந்த மூன்று மாதத்துக்குச் சோலார் தொட்டியிலேயே ஒரு ராடை வைத்துக் காத்தாடியால் சூடாக்குவது கணக்கில் நிற்கக்கூடும். நொடிக்கு 6 மீட்டர் சராசரியாக வந்தால், 3 மீட்டர் விட்டக் காத்தாடி 200 வாட் தரும், நாளுக்கு 4.8 யூனிட், அதாவது 100 லிட்டர் வெந்நீர். மற்ற மாதங்களுக்குச் சோலார் இருக்கிறது.

ஆனால் “வந்தால்”. விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இறக்கையின் விட்டம் என்ன, சொல்கிற வாட் எந்த வேகத்தில், அந்த வேகம் என் இடத்தில் எத்தனை மணி நேரம். காற்றிலிருப்பதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காத்தாடியாலும் எடுக்க முடியாது. ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919லேயே நிறுவிவிட்டார். செங்குத்தாகச் சுற்றும் மாடலுக்கும் இது பொருந்தும். அதற்கு மேல் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

செம்மடுவுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரர் அளக்கச் சம்மதித்திருக்கிறார். என் பழைய ஜெனரேட்டரை எடுத்துப் போகலாமா என்றுதான் முதலில் கேட்டார், மாட்டேன் என்றேன். முகட்டில் 10 மீட்டர்க் குழாய் நட்டு, கிண்ணம் சுற்றும் வேகமானியும் பதிவுப் பெட்டியும் மாட்டியிருக்கிறோம். ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது. ஆவணி முடிந்ததும் அந்த எண்ணை இந்தப் பதிலுக்குக் கீழே சேர்க்கிறேன்.